கிட்இக்னோரில் எழுதியும் கோப்பு அடங்கவில்லையா?

".என்வி கோப்பை கிட்இக்னோரில் சேர்த்துவிட்டேன். ஆனாலும் கிட் ஸ்டேட்டஸில் வந்து நிற்கிறது." குழுக்களோடு வேலை செய்யும்போது நான் அடிக்கடி கேட்கும் புகார் இது. (கிட் என்பது கோப்புகளின் மாற்றங்களைப் பதிவு செய்யும் கருவி, கிட்இக்னோர் அது கண்டுகொள்ளக் கூடாதவற்றின் பட்டியல், .என்வி அமைப்புகளையும் ரகசியங்களையும் வைக்கும் கோப்பு, கிட் ஸ்டேட்டஸ் மாற்றங்களைக் காட்டும் கட்டளை.) உடனே எல்லோரும் அந்த வரியைத்தான் நோண்டுவார்கள். நட்சத்திரக் குறி சேர்ப்பார்கள், சாய்கோட்டை எடுப்பார்கள். பெரும்பாலும் வரியில் தப்பே இருக்காது.

அந்தக் கோப்பு எப்போதோ கமிட் ஆகியிருக்கும், அதாவது கிட்டின் வரலாற்றில் பதிவாகியிருக்கும். கிட் இன்னும் கண்காணிக்கத் தொடங்காத கோப்புகளுக்குத்தான் இக்னோர் விதிகள் பொருந்தும். அதனால் முதலில் 'கிட் எல்எஸ்-ஃபைல்ஸ்' கட்டளையைக் கோப்பின் பெயரோடு கொடுத்துப் பாருங்கள். பெயர் திரும்பி வந்தால், சிக்கல் அங்கேதான். 'கிட் ஆர்எம் --கேச்டு' கொடுத்து கமிட் செய்தால், கோப்பு உங்கள் கணினியில் இருக்கும், கிட் அதைக் கைவிட்டுவிடும். ஆனால் சக பணியாளர் அந்த கமிட்டை புல் செய்யும்போது (தன் கணினிக்கு இழுக்கும்போது) அவருடைய கணினியிலிருந்து கோப்பு அழிந்துவிடும். முன்னதாகவே சொல்லி நகல் எடுக்க வையுங்கள்.

அந்தக் கோப்பில் பாஸ்வேர்டோ ஏபிஐ கீயோ (ஒரு சேவையைப் பயன்படுத்தத் தரப்படும் ரகசியக் குறியீடு) இருந்து, அது புஷ்ஷும் ஆகியிருந்தால் (பொது சர்வருக்கு அனுப்பப்பட்டிருந்தால்) இது போதவே போதாது. பழைய கமிட்டில் கீ அப்படியே கிடக்கும், ரெப்போவை (கிட் வைத்திருக்கும் கோப்புத் தொகுப்பை) அணுக முடிந்த யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம். முதல் வேலையாக அந்தக் கீயை ரத்து செய்து புதியதை உருவாக்குங்கள். வரலாற்றிலிருந்து நீக்க 'கிட் ஃபில்டர்-ரெப்போ' என்ற தனிக் கருவி இருக்கிறது. ஆனால் ஏற்கெனவே க்ளோன் செய்தவர்களிடம் (முழு நகல் எடுத்தவர்களிடம்) இருக்கும் பிரதியை அதனால் தொட முடியாது. இந்த இடத்தில் தயவுசெய்து அலட்சியம் வேண்டாம்.

சரி, கண்காணிப்பில் இல்லாத கோப்பு சொன்னபடி கேட்கவில்லையா? 'கிட் செக்-இக்னோர் -வி' கொடுத்து, பக்கத்தில் கோப்பின் பாதையை எழுதுங்கள். '.கிட்இக்னோர்:12:லாக்ஸ்/' என்பதுபோல் பதில் வரும்: எந்தக் கோப்பில், எத்தனையாவது வரியில், எந்த விதி என்று. பதிலே வராவிட்டால் எந்த விதியும் பொருந்தவில்லை என்று அர்த்தம். அப்போது வரியின் கடைசியில் # போட்டுக் குறிப்பு எழுதியிருக்கிறீர்களா என்று பாருங்கள். # வரியின் தொடக்கத்தில் இருந்தால்தான் குறிப்பு, இல்லாவிட்டால் அதுவும் விதியின் பகுதியாகிவிடும். விண்டோஸின் பழைய பவர்ஷெல்லில் > குறி போட்டு உருவாக்கிய கிட்இக்னோர் யுடிஎஃப்-16 என்ற எழுத்துக் குறியாக்க வடிவில் சேமிக்கப்பட்டிருக்கும், கிட்டுக்கு அது புரியாது. யுடிஎஃப்-8 ஆக மாற்றிச் சேமித்தால் தீர்ந்தது.

இன்னொன்று, விலக்கியதில் ஒன்றை மட்டும் திரும்பச் சேர்க்க எழுதும் ஆச்சரியக்குறி விதி. 'லாக்ஸ்/' என்று ஃபோல்டரையே விலக்கிவிட்டு, அடுத்த வரியில் '!லாக்ஸ்/கீப்.டிஎக்ஸ்டி' எழுதினால் பலிக்காது. விலக்கிய ஃபோல்டருக்குள் கிட் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. முதல் வரியை 'லாக்ஸ்/*' என்று மாற்றினால் வேலை செய்யும்.

அப்புறம், தேவையான கோப்பு உங்கள் கணினியில் மட்டும் மறைந்துபோகிறது, ரெப்போவின் கிட்இக்னோரிலும் காரணம் இல்லை என்றால், '.கிட்/இன்ஃபோ/எக்ஸ்க்ளூட்' கோப்பையும் உங்கள் குளோபல் இக்னோர் கோப்பையும் (உங்கள் எல்லா ரெப்போக்களுக்கும் பொதுவானது) திறந்து பாருங்கள். இவை ரெப்போவோடு பகிரப்படுவதில்லை என்பதால் மற்றவர்கள் கண்ணில் படாது. செக்-இக்னோர் இந்தக் கோப்புகளின் பெயரையும் சேர்த்தே காட்டிவிடும்.