சுடோக்கு: சொல்லும் தமிழ்ப் பெயரும்

சுடோக்கு என்பது 81 கட்டங்கள் கொண்ட ஒரு சதுரத்தில், கிடையாகச் செல்லும் ஒவ்வொரு நிரையிலும், மேலிருந்து கீழிறங்கும் ஒவ்வொரு நிரலிலும், தடித்த கோடுகளால் பிரிக்கப்பட்ட ஒன்பது சிறு சதுரங்கள் ஒவ்வொன்றிலும், 1 முதல் 9 வரையுள்ள எண்கள் ஒருமுறை மட்டுமே வருமாறு நிரப்பும் புதிராகும். சில கட்டங்களில் எண்கள் முன்னரே தரப்பட்டிருக்கும். எஞ்சியவற்றை உய்த்துணர்ந்து நிரப்ப வேண்டும். செவ்வனே அமைந்த புதிருக்கு ஒரே விடைதான் உண்டு. அதற்குக் குறைந்தது 17 எண்களேனும் தரப்பட வேண்டும் என்பது 2012-இல் கணினியின் துணையோடு நிறுவப்பட்டது.

பெயர் ஜப்பானியது, புதிரோ அமெரிக்காவில் பிறந்தது. இண்டியானாபொலிஸ் நகரக் கட்டடக் கலைஞர் ஹோவர்ட் கார்ன்ஸ் உருவாக்கியதாகக் கருதப்படும் இப்புதிர், 1979-இல் டெல் பதிப்பகத்தின் புதிர் இதழொன்றில் 'நம்பர் பிளேஸ்' என்ற பெயரில் வெளிவந்தது. 1984-இல் இதனை ஜப்பானில் அறிமுகப்படுத்திய புதிர்ப் பதிப்பு நிறுவனமான நிகோலி, 'எண்கள் மணமாகாமல் தனித்தே இருத்தல் வேண்டும்' என்னும் பொருள்பட 'சூஜி வா தொகுஷின் நி ககிரு' என்று ஒரு முழு வாக்கியத்தையே பெயராகச் சூட்ட, அந்நிறுவனத்தைச் சேர்ந்த மகி காஜி அதனை, எண்ணைக் குறிக்கும் 'சூ', தனிமையைக் குறிக்கும் 'தொகு' என்னும் இரண்டு ஜப்பானிய எழுத்துகளாகச் சுருக்கினார். மூலச்சொல்லில் முதலெழுத்து நெடில், அடுத்தது குறில். தமிழில் நாம் எழுதும் 'சுடோக்கு' வடிவில் இவை இடம் மாறிவிட்டன. ஹாங்காங்கில் நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்ற நியூசிலாந்துக்காரர் வெய்ன் கூல்டு, இப்புதிர்களை உருவாக்கும் கணினி நிரலை எழுதி லண்டன் 'டைம்ஸ்' நாளிதழை அணுகியதன் பயனாக, 2004 நவம்பரில் அவ்விதழில் இடம்பெற்ற சுடோக்கு, அடுத்த ஆண்டிலேயே உலகெங்கும் பரவியது.

தமிழில் இதனை 'மாயச் சதுரம்' எனல் பொருந்தாது. மாயச் சதுரத்தில் நிரை, நிரல், மூலைவிட்டம் ஆகிய ஒவ்வொன்றின் கூட்டுத்தொகையும் சமமாக இருக்க வேண்டும். சுடோக்குவில் கூட்டலுக்கே இடமில்லை. எண்களுக்குப் பதிலாக ஒன்பது எழுத்துகளையோ ஒன்பது வடிவங்களையோ இட்டாலும் புதிர் சிறிதும் மாறாது என்பதால், 'கணக்குப் புதிர்' என்பதும் தவறான எண்ணத்தையே தரும். இதற்கு நெருங்கிய கணித உறவு, 18-ஆம் நூற்றாண்டில் கணித அறிஞர் ஆய்லர் ஆராய்ந்த லத்தீன் சதுரமே. அதில் சிறு சதுர நிபந்தனை மட்டும் இல்லை.

'எண் புதிர்' மிகப் பொதுவானது. 'எண்கட்டப் புதிர்' தோற்றத்தைச் சொல்கிறது. ஆனால் எண்களைக் கட்டங்களில் இடும் வேறு புதிர்களுக்கும் அது பொருந்தும். 'தனியெண் புதிர்' என்பதே என் தேர்வு: நிகோலி இட்ட பெயரின் கருத்தைத் தாங்குவதோடு, ஒரு கட்டத்திற்குப் பொருந்தாத எண்களையெல்லாம் நீக்கியபின் தனித்து நிற்கும் எண்ணைக் கண்டறிவதாகிய தீர்வுமுறையையும் அது சுட்டுகிறது. ஜப்பானிலேயே 'சூதொகு' நிகோலியின் வணிகக்குறி ஆதலால், பிற பதிப்பாளர்கள் பழைய அமெரிக்கப் பெயரைச் சுருக்கி 'நன்புரே' என்றே அச்சிடுகின்றனர்.