சிரட்டைக் கொசுவும் எச்.ஐ.வி.யும்

கொசு என்றால் என்னவென்று தெரிய வேண்டுமானால், மழை விட்ட மறுநாள் கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரம் பக்கம் ஏதாவது ஒரு ரப்பர் தோட்டத்துக்குள் போய் நிற்க வேண்டும். ரப்பர் பால் பிடிக்க மரத்தில் கட்டி, கவிழ்த்து வைக்க மறந்த சிரட்டைகளில் எல்லாம் மழைத் தண்ணீர், அதற்குள் நெளியும் புழுக்கள். அப்படி ஒரு காலையில் பால் வெட்டிக்கொண்டிருந்த தம்பி ஒருவர், முழங்கையில் பட்டென்று ஒரு அடி அடித்துவிட்டுக் கேட்டார்: "அண்ணே, இந்தக் கொசு எய்ட்ஸ் உள்ள ஒருத்தரைக் கடிச்சிட்டு வந்து என்னையும் கடிச்சா எனக்கு வராதா? டெங்கு மட்டும் வருதே?"

வராது. ஆனால் ஏன் வராது என்பதைப் புரிந்துகொண்டால் எச்.ஐ.வி.யைப் பற்றிப் பாதி புரிந்த மாதிரி.

டெங்கு கிருமி கொசுவின் குடல் செல்லுக்குள் புகுந்து, அங்கே பெருகி, எச்சில் சுரப்பிவரை போய்ச் சேருகிறது. இதற்குச் சுமார் 8 முதல் 12 நாள் ஆகும். அதற்குப் பிறகு கடிக்கும்போதுதான் எச்சிலோடு நமக்குள் இறங்குகிறது. எச்.ஐ.வி.க்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. அது ஒரு செல்லுக்குள் நுழைய வேண்டுமானால், அந்தச் செல்லின் மேல் சி.டி.4 என்ற புரதம் இருக்க வேண்டும். நம் ரத்தத்தில் நோய் எதிர்ப்பு வேலை பார்க்கும் ஒரு வகை வெள்ளை அணுக்களில் அது இருக்கிறது. கொசுவின் குடலில் இல்லை. ஆகவே, குடித்த ரத்தத்தோடு சேர்ந்து கிருமியும் செரித்துப் போகிறது.

"சரி, கொசுவோட வாயில ஒட்டியிருக்குற ரத்தம்?" விடமாட்டேன் என்கிறார் தம்பி. கொசுவுக்கு எச்சிலை இறக்க ஒரு குழல், ரத்தத்தை உறிஞ்ச வேறொரு குழல். குடித்ததை அது திரும்ப நமக்குள் துப்புவதில்லை. வெளியே ஒட்டியிருப்பதோ தொற்றுக்குப் போதாத அளவு. ஒருவர் போட்ட சிரிஞ்சை இன்னொருவர் போட்டுக்கொள்வது அப்படியல்ல; ஊசிக்குள் தங்கிய ரத்தம் நேராக உடம்புக்குள் போகிறது. கொசு பரப்புவதாக இருந்தால், கடிபடும் குழந்தைகள், கிழவிகள் என்று வயது வித்தியாசமில்லாமல் பரவியிருக்க வேண்டும். உலகில் எங்கும் அப்படி நடக்கவில்லை.

ஒரே கிளாஸில் சாயா குடிப்பது, கழிப்பறை, கைகுலுக்கல், இருமல் எதிலும் வராது. ஆணுறை இல்லாத உடலுறவு, பகிர்ந்த ஊசி, பரிசோதிக்காத ரத்தம், தாயிடமிருந்து குழந்தைக்கு: வழிகள் இவ்வளவுதான்.

பரிசோதனையில்தான் பலர் ஏமாந்து போகிறார்கள். வெள்ளிக்கிழமை ஒரு தவறு, திங்கட்கிழமை லேபில் 'நெகட்டிவ்', நிம்மதி. அந்த நெகட்டிவுக்கு அர்த்தமே இல்லை. சாதாரண ரேப்பிட் டெஸ்ட் தேடுவது கிருமியை அல்ல, அதை எதிர்த்து நம் உடம்பு தயாரிக்கும் ஆன்டிபாடியை. அது கண்ணில் படும் அளவுக்கு வர மூன்று வாரத்திலிருந்து மூன்று மாதம்வரை ஆகலாம். ஆகவே மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். அதேபோல, ஒரே ஒரு டெஸ்டில் 'ரியாக்டிவ்' (தொற்று இருக்கலாம்) என்று வந்ததும் உயிரை விட்டுவிடவும் வேண்டாம். நோய் அறிகுறி இல்லாத ஒருவருக்கு, வெவ்வேறு வகையான மூன்று கிட்களிலும் அப்படி வந்தால்தான் உறுதி செய்வார்கள். அரசு மருத்துவமனைகளில் உள்ள நம்பிக்கை மையங்களில் இது இலவசம். முடிவை வெளியே சொல்லக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது. போகத் தயக்கமாக இருந்தால் எச்.ஐ.வி. உதவி எண்ணான 1097-க்கு போன் போட்டுக் கேட்கலாம்.

அந்தத் திங்கட்கிழமை டெஸ்டுக்கு ஓடியவர் உண்மையில் ஓடியிருக்க வேண்டியது டாக்டரிடம். 72 மணி நேரத்துக்குள் தடுப்பு மருந்தைத் தொடங்கி 28 நாள் சாப்பிட்டால் கிருமி காலூன்றாமல் தடுக்க வாய்ப்பு அதிகம். முந்தினால் முந்திய அளவுக்கு நல்லது.

தொற்று உறுதியானால்? ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில், எச்.ஐ.வி.க்கு மருந்து கொடுக்கும் ஏ.ஆர்.டி. மையம் இருக்கிறது. இப்போது பெரும்பாலானவர்களுக்கு நாளைக்கு ஒரே மாத்திரை. அதற்குள் டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெகிராவிர் என்று மூன்று மருந்துகள். எச்.ஐ.வி. முதலில் தன் மரபுக் குறிப்பான ஆர்.என்.ஏ.வை, நம் செல்லில் உள்ளதைப் போன்ற டி.என்.ஏ.வாக மாற்றி எழுதுகிறது. பிறகு அதை நம் டி.என்.ஏ.வுக்குள் செருகுகிறது. முதல் இரண்டு மருந்துகள் எழுதுவதைத் தடுக்கின்றன, மூன்றாவது செருகுவதைத் தடுக்கிறது. எழுதும்போது கிருமி ஏகப்பட்ட பிழை விடும்; அந்தப் பிழைகளில் ஏதாவது ஒன்று ஒரு மருந்தை ஏய்த்துவிடும். மூன்றையும் ஒரே நேரத்தில் ஏய்ப்பது கஷ்டம்.

ஏற்கெனவே செருகிக்கொண்டதை இந்த மாத்திரையால் பிடுங்க முடியாது. சில அணுக்களுக்குள் அது தூங்கிக்கொண்டிருக்கும். மருந்தை நிறுத்தினால் சில வாரங்களிலேயே எழுந்துவிடும். விடாமல் சாப்பிட்டு, ரத்தத்தில் கிருமி கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறைந்து அப்படியே நீடித்தால், உடலுறவு வழியே துணைக்குப் பரவாது.

தூத்தூரிலிருந்து வாரக்கணக்கில் ஆழ்கடலுக்குப் போகிறவர்கள் எத்தனை நாள் என்று மையத்தில் முன்கூட்டியே சொல்லி மாத்திரை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். அப்புறம், போட்டில் நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கும் அந்த வெள்ளை ஆன்டாசிட் மருந்து டோலுடெகிராவிரைக் குடலிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும். மாத்திரை போட்டு இரண்டு மணி நேரம் கழித்துத்தான் அதைக் குடிக்க வேண்டும். முதலில் அதைக் குடித்துவிட்டால், மாத்திரைக்கு ஆறு மணி நேரம் பொறுக்க வேண்டும்.