பகிர்ந்ததும் உங்கள் பேச்சுதான்

தருமபுரியில் வழக்கறிஞராகத் தொழில் செய்கிறேன். இந்த வாரமும் ஒரு ஜாமீன் மனு. பென்னாகரம் பக்கத்துப் பையன். டிப்ளமோ முடித்துவிட்டு ஓசூர் சிப்காட்டில் வேலை தேடிக்கொண்டிருந்தவன். இன்னொரு சாதியை இழிவுபடுத்தும் வீடியோவை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்தான். அதை எடுத்தது யார் என்று அவனுக்கே தெரியாது.

“நான் எழுதவில்லை சார், பகிர்ந்தேன், அவ்வளவுதான்.” இதைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டேன். தம்பிகளே, எழுதியவன் ஒருவன், பகிர்ந்தவன் ஒருவன் என்று சட்டம் உங்களைத் தனியாக ஒதுக்கி வைக்காது. 2018இல் பெண் பத்திரிகையாளர்களை இழிவுபடுத்திய பதிவைப் பகிர்ந்த நடிகர் எஸ்.வி.சேகர், பிறகு அதை நீக்கினார், மன்னிப்பும் கேட்டார். ஆனாலும் வழக்கை ரத்து செய்ய 2023இல் சென்னை உயர் நீதிமன்றமும் மறுத்தது, உச்ச நீதிமன்றமும் மறுத்தது. அனுப்பிய செய்தி வில்லிலிருந்து கிளம்பிவிட்ட அம்பு என்றது உயர் நீதிமன்றம். படிக்காமல் பகிர்ந்தேன் என்பதும், உடனே அழித்துவிட்டேன் என்பதும் உங்களைக் காப்பாற்றும் என்று நம்பாதீர்கள்.

“66ஏ பிரிவைத்தான் ரத்து செய்துவிட்டார்களே?” என்று படித்த பிள்ளைகள் கேட்கிறார்கள். ஆம், இணையத்தில் புண்படுத்தும் செய்தி அனுப்புவதைக் குற்றமாக்கிய தகவல் தொழில்நுட்பச் சட்டப் பிரிவு அது; 2015இல் ரத்தானது. ஆனால் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 196ஆம் பிரிவு இருக்கிறதே! சமூகங்களுக்கிடையே பகையை மூட்டினால் 3 ஆண்டுகள் வரை சிறை. பட்டியலினத்தவரை இழிவுபடுத்தி வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்கானால், முன்ஜாமீன் கேட்கவே அந்தச் சட்டத்தில் தடை இருக்கிறது.

இந்த மாவட்டத்தில் சாதிப் பகையைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியாது. 2012 நவம்பரில் சாதி வன்முறையில் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய பட்டியலினக் குடியிருப்புகள் எரிந்தன. அன்று பள்ளிச் சிறுவர்களாக இருந்தவர்கள்தாம் இன்று சாதிப் பெருமை ரீல்ஸைத் தள்ளிவிடுகிறார்கள். அதைத் தயாரித்துக் கொடுப்பவர்கள் யாரும் ஜாமீன்தாரராக வந்து நின்று நான் பார்த்ததில்லை. வருவது அம்மாதான், வீட்டு வரி ரசீதைப் பையில் வைத்துக்கொண்டு. வழக்கு நிலுவையில் இருந்தால் பாஸ்போர்ட்டுக்கு நீதிமன்ற அனுமதி கேட்டு நிற்க வேண்டும். காவலர் தேர்வில் தேறியும் சரிபார்ப்பில் கழிந்துபோகலாம்.

அரசியலை விட்டுவிடச் சொல்லவில்லை. ஆட்சியை விமர்சியுங்கள், கடுமையாகவே விமர்சியுங்கள். அது உங்கள் உரிமை. பிறப்பை இழுக்காதீர்கள். யார் எடுத்தது, எப்போது எடுத்தது என்று தெரியாத வீடியோவைத் தொடாதீர்கள். காவல் நிலையத்திலிருந்து அழைப்பு வந்தபின் கைபேசியில் எதையும் அழிக்காதீர்கள்; அது தனி வழக்காகும். வழக்கறிஞர் வைக்கப் பணமில்லையா? 15100க்கு அழையுங்கள், இலவச சட்ட உதவி கிடைக்கும்.

கேள்வி கேட்க நம் ஊரிலேயே விஷயம் இருக்கிறது. ஃப்ளோரைடு கலந்த தண்ணீரால் பல் கறுத்த ஊர்கள் நம்முடையவை. ஒகேனக்கல் குடிநீர் உங்கள் தெருவுக்கு ஒழுங்காக வருகிறதா என்று கேட்கக் கிராம சபை இருக்கிறது. ஆண்டுக்கு 6 முறை கூடுகிறது. அடுத்தது எந்தத் தேதி என்று ஊராட்சி அலுவலகத்தில் விசாரித்து, தயவுசெய்து போய் உட்காருங்கள்.