‘ஓவர்’ என்றால் மேலா, மிகையா?

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், ஏற்காடு பஸ் ஸ்டாண்ட். சேலத்துக்கு இறங்கும் பஸ்ஸில் நிற்கக்கூட இடமில்லை. பலாப்பழச் சாக்கோடு ஓர் ஆயா படியில் கால் வைத்ததும் கண்டக்டர், “ஓவர்லோடு, அடுத்த வண்டில வாங்க” என்றார். “பழம் அளிஞ்சு போயிரும் சாமி” என்றார் ஆயா. என் பக்கத்து சீட் அம்மா முணுமுணுத்தார்: “இந்தாளு ரொம்பத்தான் ஓவரா பண்றாரு.”

ஒரே நிமிஷத்தில் இரண்டு ஓவர். ஒன்று பாரம், இன்னொன்று நடத்தை.

ஆங்கிலத்தில் இது ஒரு முன்னொட்டு. இதன் முதல் பொருள் ‘மேல்’. ஓவர்கோட்டிலும் ஓவர்பிரிட்ஜிலும் அந்தப் பழைய பொருள்தான் இருக்கிறது. அளவுக்கோட்டுக்கு மேலே போனதும் ‘மிதமிஞ்சிய’ என்று பொருள் நகர்ந்துவிட்டது. ஓவர்லோடு, ஓவர்டோஸ், ஓவர் ஆக்டிங் எல்லாம் அந்த வகை. அதனால் தமிழாக்கும் முன் இது எந்த ஓவர் என்று பார்த்துக்கொள்ள வேண்டும். சேலம் ஐந்து ரோட்டில் இருப்பது மேம்பாலம். அதை யாரும் மிகைப்பாலம் என்று சொல்லிவிட மாட்டார்கள். கொண்டை ஊசி வளைவில் செய்யக்கூடாத ஓவர்டேக்கில் இரண்டுமே இல்லை, அது வெறும் முந்துதல்.

இந்த ஓவருக்கு உறவுக்காரர்கள் நிறைய. கிரேக்கத்தில் ‘ஹைப்பர்’, லத்தீனில் ‘சூப்பர்’, சமஸ்கிருதத்தில் ‘உபரி’. நான்கும் ஒரே வேரில் கிளைத்தவை. கடைசிச் சொல் நமக்குப் புதிதல்ல. மேட்டூர் அணை 120 அடியைத் தொட்டால் செய்தித்தாளில் வருவது ‘உபரி நீர் திறப்பு’. அந்த நீர் 16 கண் மதகு வழியாக வெளியேறும் இடத்துக்கு எல்லீஸ் சர்ப்ளஸ் என்று பெயர். அந்த ‘சர்’ரும் லத்தீன் ‘சூப்பர்’ பிரெஞ்சு வழியாகத் தேய்ந்து வந்ததுதான். ஆக, உபரி, சர்ப்ளஸ் என்று இரண்டு பெயர் சொன்னாலும் வேர் ஒன்று. நம் ஊர்ப் பேச்சில் இவர்களின் தலையெழுத்துதான் வேறு வேறு: சூப்பர் என்றால் பாராட்டு, ஓவர் என்றால் திட்டு, உபரி என்றால் அரசாங்கம்.

ஹைப்பர் பெரும்பாலும் ஆஸ்பத்திரியோடு நின்றுவிட்டது. அங்கே ஒரு குழப்பமும் உண்டு. ‘ஹைப்பர்டென்ஷன்’ என்று சீட்டில் எழுதியிருந்தால், “எனக்கு அவ்வளவு டென்ஷன் இல்லீங்களே” என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அது மனக்கவலை அல்ல. உயர் இரத்த அழுத்தம். ஹைப்பர், ஹைப்போ என்று ஓர் எழுத்தில் தலைகீழாகிற தைராய்டு விஷயத்தில், மிகைச் சுரப்பு, குறைச் சுரப்பு என்று தமிழில் சொன்னால் தவறவே வழியில்லை.

மிகுதல் என்ற வினையிலிருந்து வந்தது மிகை. பள்ளிக்கூடத்தில் நம்மைப் படுத்திய ‘வல்லினம் மிகும்’ இடங்களில் வருவதும் இதே மிகு. ஓவர்லோடுக்கும் இந்தச் சொல் பழசுதான். “பீலிபெய் சாகாடும் அச்சிறும் அப்பண்டம் சால மிகுத்துப் பெயின்” என்கிறது 475ஆம் குறள். மயிலிறகுதான் என்றாலும் அளவில்லாமல் ஏற்றினால் வண்டி அச்சு முறியும். சங்ககிரி லாரிக்காரருக்கு இதற்கு உரை தேவையில்லை.

ஆனாலும் எல்லா ஓவருக்கும் மிகை என்று ஒட்டுப் போடுவது எனக்குப் பிடிக்கவில்லை. மிகை நடிப்பு சரி, மிகைப்படுத்திச் சொன்னான் என்பதும் சரி. அதற்காகச் சோறு அதிகமாக வெந்துவிட்டால் ‘மிகைவேக்காடு’ என்றா எழுதுவது? குழைந்துவிட்டது என்றால் முடிந்தது. உப்பு கூடினால் கரிக்கிறது. எழ வேண்டிய நேரம் தாண்டினால் அசந்து தூங்கிவிட்டேன். ஏரி நிரம்பி வழிந்தால் எங்கள் பக்கம் ‘கோடி போகுது’ என்பார்கள், தெற்கே மறுகால் பாயும். ஆங்கிலம் ஒரே ஒட்டை எல்லாவற்றுக்கும் மாட்டுகிறது. தமிழிலோ ஒவ்வொரு பொருளும் அளவு தாண்டுவதற்குத் தனித்தனி வினை. ஆயா சொன்ன ‘அளிதல்’ அப்படியொன்று. பழுத்துக் கனிந்து, அதையும் தாண்டிக் கை பட்டால் குழையும் நிலை. ஓவர்ரைப் என்பதைவிட அந்தச் சொல்லில் பலாச்சுளையின் வாசமே அடிக்கிறது.

நடத்தை ஓவருக்கும் மிகை ஒத்துவராது. ‘மிகையாகச் செய்யாதே’ என்றால் சண்டைக்கு வந்தவரே சிரித்துவிடுவார். அங்கே ‘மிஞ்சிப் போகாதே’, ‘அளவோடு இரு’ போதும்.

அப்புறம், அந்த பஸ். ஆயா இறங்குகிற மாதிரி தெரியவில்லை. இரண்டாம் முறை கண்டக்டர் ஓவர்லோடு என்று சொல்லவில்லை. “வண்டி தாங்காது ஆயா, இறக்கத்துல 20 வளைவு இருக்குதில்ல” என்றார். சொல்லிக்கொண்டே சாக்கை வாங்கி இன்ஜின் ஓரமாகச் சாய்த்து வைத்து, ஆயாவுக்கும் பக்கத்தில் கொஞ்சம் இடம் ஒதுக்கிக் கொடுத்தார்.