கிணற்றுத் தண்ணீரும் சவர நுரையும்

கேத்தலின் அடியில் வெள்ளைப் படை கட்டுகிற வீட்டில், எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய சவர்க்காரமும் முகத்தில் நின்று நுரைக்காது. வன்னியில் பல கிணறுகளிலும் குழாய்க்கிணறுகளிலும் வருவது வன்நீர். பூநகரிப் பக்கம் அது சுண்ணாம்புக்கல்லில் ஊறி வருகிறது. வவுனியாப் பக்கம் பழைய கருங்கல்லின் வெடிப்புகளில் தேங்கி நின்று வருகிறது. இரண்டிலும் கல்சியமும் மகனீசியமும் கரைந்திருக்கும். பழைய முறைச் சவரத்துக்கு என்னென்ன வேண்டும் என்று கேட்டால் றேசர், பிளேட், பிறஷ், சவர்க்காரம், ஒரு கிண்ணம், படிகாரத் துண்டு என்று சொல்வார்கள். தண்ணீரை யாரும் சேர்ப்பதில்லை. இங்கே காசை மிச்சம் பிடிப்பதும் வீணாக்குவதும் அந்தத் தண்ணீர்தான்.

சவர்க்காரம் என்பது கொழுப்பமிலத்தின் சோடியம் அல்லது பொற்றாசியம் உப்பு. அதன் ஒரு முனை நீரை நாடும், மற்ற முனை எண்ணெயை நாடும். இந்த இரட்டைக் குணத்தால்தான் காற்றுக் குமிழைச் சுற்றி மெல்லிய படலம் உண்டாகிறது. வன்நீரில் உள்ள கல்சியம் வந்து சோடியத்தின் இடத்தைப் பிடித்தால், நீரில் கரையாத கல்சியச் சவர்க்காரம் பிறக்கும். வாளி விளிம்பில் ஒட்டுகிற சாம்பல் நிற அழுக்கு அதுதான். அது நுரைக்காது என்பதோடு, இருக்கிற நுரையையும் உடைக்கும்.

இதைக் கணக்கிட்டே பார்க்கலாம். ஒரு லீற்றரில் 300 மில்லிகிராம் வன்மை (கல்சியம் காபனேற்றாகக் கணக்கிட்டு) என்று வைத்துக்கொள்வோம். அந்த ஒரு லீற்றர், முதல் குமிழ் வருவதற்கு முன்பே ஏறத்தாழ 1.8 கிராம் சவர்க்காரத்தைத் தின்றுவிடும். ஒரு சவரத்துக்கு எடுக்கிற கிறீம் 1 கிராம். அதிலும் பாதிக்கு மேல் தண்ணீரும் கிளிசரினும்தான். கோப்பை நிறையத் தண்ணீர் எடுத்து, அதிலே கிறீமைக் கரைத்து அடித்தால், 250 மில்லிலீற்றர் தண்ணீரே இருக்கிற சவர்க்காரம் முழுவதையும் செத்துப்போகச் செய்யும். அதே கிறீமைப் பிறஷில் வைத்து, மூன்று தேக்கரண்டித் தண்ணீரை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தால், வீணாவது 30 மில்லிகிராம் அளவுதான். ஆகவே வன்நீரோடு பிழைக்க முதல் வழி செலவில்லாதது: தண்ணீரைக் குறை, துளித்துளியாகச் சேர்.

இரண்டாவது வழி மழைத்தண்ணீர். ஐப்பசி முதல் மார்கழி வரை வாடைக்காற்றோடு வருகிற மழையில் வன்மை இல்லை என்றே சொல்லலாம். முதல் மழை கூரைத் தூசியைக் கழுவிப் போகட்டும். அதற்குப் பிறகு தகரக் கூரையிலிருந்து வடிவதை வெள்ளைத் துணியில் வடித்து மூடி வையுங்கள். ஒரு சவரத்துக்கு ஒரு கோப்பை, அதாவது 250 மில்லிலீற்றர், போதும். 5 லீற்றர்க் கான் ஒன்று இருபது சவரத்துக்கு வரும். கோடையில் மழைத்தண்ணீர் தீர்ந்தால், கிணற்றுத் தண்ணீரைப் பத்து நிமிடம் கொதிக்க வைத்து, ஆறவிட்டு, அடியைக் கலக்காமல் மேலாக ஊற்றி எடுங்கள். ஐதரசன்காபனேற்றாகக் கரைந்திருந்த கல்சியம், கரையாத காபனேற்றாகி அடியில் படியும்; கேத்தலில் கட்டுகிற வெள்ளைப் படை அதுதான். சல்பேற்றாலும் குளோரைட்டாலும் வருகிற வன்மை கொதித்தாலும் போகாது. உங்கள் கிணறு எந்த வகை என்று அறிய, மூன்று போத்தல்களில் ஒரே அளவு பச்சைத் தண்ணீர், கொதித்து ஆறிய தண்ணீர், மழைத்தண்ணீர் எடுங்கள். ஒவ்வொன்றிலும் ஒரே அளவு சவர்க்காரச் சீவலைப் போட்டுக் குலுக்கினால் நுரை தானே சொல்லும்: கொதித்த தண்ணீர் மழைத்தண்ணீர்போல நுரைத்தால் கொதிக்கவைப்பது உதவும், பச்சைத் தண்ணீர்போலவே இருந்தால் உதவாது. தேசிக்காய்ச் சாறு விட்டு ‘தண்ணீரைத் திருத்த’ வேண்டாம். அமிலம் சவர்க்காரத்தைத் திரும்பவும் கொழுப்பமிலமாக்கிவிடும். முகத்தில் தேசிச்சாறு இருக்க வெயிலில் இறங்கினால் தோல் வெந்து கருந்தழும்பு விழும் என்பதையும் மறக்கவேண்டாம்.

சவர்க்காரம் வாங்கும்போது பொருள் பட்டியலைப் படியுங்கள். ஸ்டியரிக் அமிலமும் பொற்றாசியம் ஐதரொட்சைட்டும் முன்வரிசையில் இருந்தால் அது சவரத்துக்கென்று செய்தது. ஸ்டியரிக் அமிலம் நுரையை நெருக்கமாக, நின்று பிடிக்கிறதாக ஆக்கும். பொற்றாசியம் அதை மென்மையாக்கிச் சீக்கிரம் கரைய விடும். குளிக்கிற சவர்க்காரம் பெரும்பாலும் சோடியம் வகை. அதன் பெரிய குமிழ்கள் ஒரு நிமிடத்தில் வற்றிவிடும், பிளேட் வறண்ட தோலில் போகும். கிறீம் என்றால் ஒரு கச்சான் பருப்பளவு, ஏறத்தாழ 1 கிராம். 70 கிராம் ரியூப் எழுபது சவரத்துக்குக் கிட்ட வரும்.

பிறஷுக்குச் செயற்கை மயிர் போதும், மாரியிலும் சீக்கிரம் காயும். பன்றிமயிர்ப் பிறஷ் மலிவு. ஆனால் ஒவ்வொரு முறையும் ஐந்து நிமிடம் ஊறவேண்டும், பத்துப் பன்னிரண்டு சவரம் போனபின்தான் பதப்படும். கிண்ணத்துக்குச் சிரட்டை. அதன் உட்புறச் சொரசொரப்பு நுரை அடிக்க உதவும். பாவித்தபின் நிழலில் காயவையுங்கள், வெயிலில் வெடிக்கும்.

மயிரை ஊறவைக்கிற வேலையைத்தான் ஆட்கள் அவசரத்தில் விடுகிறார்கள். ஈரம் ஏறிய மயிர் ஏறத்தாழ 15 சதவீதம் பருக்கும், வெட்ட வேண்டிய விசை நன்றாகக் குறையும். அதற்கு இரண்டு மூன்று நிமிடம் தேவை. முகத்தைக் கழுவி எண்ணெய்ப்பசையை எடுத்து, வெந்நீரில் நனைத்த துவாயை வைத்து, பிறகு நுரை பூசுங்கள். 2020-இல் அமெரிக்காவின் எம்.ஐ.ரி. பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இலத்திரன் நுணுக்குக்காட்டியின் கீழ் ஒரு விடயத்தைக் காட்டினார்கள்: பிளேட்டின் உருக்கு மயிரைவிட ஏறத்தாழ ஐம்பது மடங்கு வன்மையானது, ஆனாலும் பிளேட்டின் விளிம்பு மயிரால் துண்டு துண்டாகத் தெறிக்கிறது. மயிர் வளைந்து, சாய்வாக விளிம்பில் மோதும்போது அது நடக்கிறது. பிளேட் மெல்ல மெல்லத் தேய்ந்து மழுங்குகிறது என்ற பழைய எண்ணம் முழு உண்மை அல்ல.

றேசர் மூன்று துண்டாகக் கழல்கிற சாதாரண வகை போதும். பிளேட்டைப் போட்டு முறுக்கி, நேராகப் பாருங்கள்: இரண்டு பக்கமும் வெளியே தெரிகிற விளிம்பு ஒரே அளவாக இருக்கவேண்டும். ஒரு பக்கம் கூடி மறுபக்கம் குறைந்தால் அந்த றேசர் யார் கையில் இருந்தாலும் முகத்தைக் கீறும். கடையிலேயே திருப்பிக் கொடுங்கள். மலிவானவற்றின் தலை துத்தநாகக் கலப்புலோகம், மேலே குரோமியப் பூச்சு. கல்லுப்படை படிந்தால் வினாகிரியைத் தண்ணீரில் கலந்து சில நிமிடம் மட்டும் வையுங்கள். இரவு முழுக்க விட்டால், பூச்சு உடைந்த இடத்தில் அமிலம் துத்தநாகத்தை அரிக்கும்.

பிடியை முகத்துக்குச் செங்குத்தாக நீட்டி, தலையின் மேல்மூடி கன்னத்தைத் தொட வையுங்கள். அப்படியே பிடியைத் தாழ்த்திக்கொண்டு வர, பிளேட் தோலைத் தொடுகிற இடம் ஒன்று வரும். கோணம் ஏறத்தாழ 30 பாகை. அதுதான் வெட்டும் கோணம். இரண்டு மூன்று சென்ரிமீற்றர் இழுத்தால் போதும், அழுத்த வேண்டாம், றேசரின் பாரமே வெட்டும். முதல் தரம் மயிர் சாய்ந்த பக்கமாக, மறுபடி நுரை பூசி இரண்டாம் தரம் குறுக்காக. சுருள்மயிர்க்காரர் எதிர்ப்பக்கமாக வழிக்காமல் விடுவது நல்லது; தோலுக்குள் வெட்டுப்பட்ட மயிர் உள்ளேயே வளைந்து பருவாகும்.

கழுவிய முகத்தில் நனைத்த படிகாரத்தைத் தேய்த்து, அரை நிமிடம் விட்டுக் கழுவுங்கள். அது புரதத்தை உறையவைத்துச் சிறு கீறலை அடைக்கும். எரிகிற இடம், கை அழுத்திய இடம். அடுத்தநாள் அங்கே கவனியுங்கள். படிகாரத்தையும் பிளேட்டையும் வீட்டுக்குள்ளும் பகிரக்கூடாது: ஹெப்பற்றைற்றிஸ் பி வைரசு உடலுக்கு வெளியே ஏழு நாளாவது உயிர்ப்போடு இருக்கும். சலூனிலும் புதுப் பிளேட்டின் உறை பிரிப்பதைக் கண்ணால் பாருங்கள்.

பிளேட்டின் விளிம்பைத் துணியால் துடைக்காதீர்கள், மேற்பூச்சு போய்விடும். தண்ணீரில் அலசி, உதறி, பிடியை அரைச் சுற்றுத் தளர்த்தி வைத்தால் இடுக்கில் நிற்கிற ஈரம் காயும். ஒரு பிளேட் நாலைந்து சவரம் வரும். மயிரை இழுக்கத் தொடங்கினால் அன்றே மாற்றுங்கள். பக்கெற் விலையைப் பிளேட் எண்ணிக்கையால் பிரித்து, அதை மறுபடி சவர எண்ணிக்கையால் பிரித்துப் பார்த்தால்தான் எது மலிவு என்று தெரியும். பழைய பிளேட்டைக் குப்பைக் கிடங்கில் போட்டால் அது எரியாமல் கிடந்து, மழையோடு வளவுக்கு வரும். வெறும் மீன் ரின்னை நன்றாகக் கழுவி, வாயை ஒட்டி மூடி, மேலே பிளேட் நுழைகிற அளவுக்கு ஒரு கீறல் போட்டு, அதற்குள் தள்ளுங்கள். பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். ஒரு ரின் நிறையப் பல வருடம் பிடிக்கும்.