மெதுவாகப் போகும் வண்டிதான் மல்லாக்கக் கவிழ்கிறது

போன வாரமும், பழைய வண்டிப் பாகங்களை ஒட்டி ஊரில் செய்த டிராக்டர் ஒன்று என் பட்டறைக்கு வந்தது. பழைய ஜீப் சேஸ், கார் டீசல் இன்ஜின், லாரியின் பின் ஆக்சில், நடுவில் இரண்டு கியர்பாக்ஸ். வெல்டிங் சுத்தமாகவே இருந்தது. ஸ்டியரிங் மட்டும் மடங்கி சீட்டில் பதிந்து கிடந்தது. தென்னங்கட்டையைப் பிடுங்கப் போய்க் கவிழ்ந்திருக்கிறது. ஓட்டியவர் இடுப்பெலும்பு முறிந்து படுத்திருக்கிறார். அவர் மகன் கேட்கிறான்: "மெதுவாத்தானேண்ணா போச்சு, எப்படிக் கவுந்துச்சு?"

இந்த "மெதுவாத்தானே"வைக் கேட்டுக் கேட்டு எரிச்சலாக வருகிறது. மெதுவாகப் போகிற மாதிரி செய்ததால்தான் கவிழ்ந்தது! கணக்குப் போட்டுப் பாருங்கள். முதல் கியர்பாக்ஸில் வேகம் 4 மடங்கு குறைகிறது, அடுத்ததில் 4, கிரௌன் பினியனில் (பின் ஆக்சிலுக்குள் இருக்கும் பல்சக்கர ஜோடி) 5. பெருக்கினால் 80. இன்ஜின் 80 சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று. வேகம் எத்தனை மடங்கு குறைகிறதோ, இழுவை ஏறக்குறைய அத்தனை மடங்கு ஏறும். சாதாரண காரில் சக்கரம் மாட்டிக்கொண்டால் இன்ஜின் திணறி நின்றுவிடும். இதில் நிற்காது. சக்கரம் சுற்ற வழியில்லை என்றால் பின் அச்சைச் சுற்றி வண்டியே சுற்றும், முன்பக்கம் எழும்பும். எழும்பி முழுக்கக் கவிழ ஒன்றரை வினாடி போதும். "தூக்கினா கிளட்சை மிதிச்சுருவேன்" என்று நம்பி ஏறாதீர்கள். கால் கிளட்சைத் தேடும்போதே காரியம் முடிந்துவிடும்.

அந்த வண்டியில் சங்கிலியைக் கட்டியிருந்தது சீட்டுக்குப் பின்னால் உள்ள கம்பியில். கொக்கி எப்போதும் பின் அச்சுக்குக் கீழேதான் இருக்க வேண்டும், ஒரு விரற்கடைகூட மேலே போகக்கூடாது. முன்னால் எடை கட்டுங்கள். சேற்றில் மாட்டினால் பிடிமானத்துக்கென்று சக்கரத்துக்கு முன்னால் கட்டை கொடுக்காதீர்கள். சக்கரத்தை நீங்களே பூட்டிவிடுகிறீர்கள். ரிவர்ஸில் எடுங்கள்.

ஸ்வீடனில் 1959லேயே புது டிராக்டர்களுக்கு, கவிழ்ந்தாலும் ஓட்டுபவரைக் காக்கும் கூண்டைக் கட்டாயமாக்கிவிட்டார்கள். இங்கே தண்ணீர்க் குழாயை வளைத்து ஒட்டி, "கூண்டு போட்டாச்சு" என்கிறார்கள். அது வெயிலுக்குத்தான் ஆகும். சரியான கூண்டு இல்லாத வண்டியில் சீட் பெல்ட்டும் போடாதீர்கள், வண்டியோடு சேர்த்துக் கட்டிப்போட்ட மாதிரி ஆகிவிடும்.

ஸ்டியரிங் ஆர்மை, அதாவது முன் சக்கரத்தைத் திருப்பும் இரும்புக் கையை, பழுக்கக் காய்ச்சி வளைத்துக் கொடுக்கச் சொல்லி வருகிறார்கள். எவ்வளவு சண்டை போட்டாலும் செய்ய மாட்டேன், அந்த இரும்பின் பலம் போய்விடும். சுற்றும் ஷாஃப்டுக்குத் தகடு போட்டு மூடுங்கள், சாக்கைச் சுற்றுவது மூடுவது ஆகாது. வேட்டி நுனியோ துண்டோ சிக்கினால் ஆளையே இழுத்துவிடும். ரோட்டில் ஏற்றவே வேண்டாம், பதிவும் இல்லை, இன்சூரன்சும் இல்லை.

வாடகை டிராக்டர் உழவு நேரத்தில் கிடைப்பதில்லை, புதிது வாங்கக் கட்டுப்படியாகாது. அதெல்லாம் எனக்கும் தெரியும், செய்ய வேண்டாமென்று சொல்லவில்லை. பெயிண்ட் அடிப்பதற்கு முன்னால் ஒருமுறை இங்கே கொண்டுவந்து காட்டுங்கள், போதும். கொக்கியைக் கீழே இறக்கிக் கொடுக்கக் காசு வாங்க மாட்டேன்.