ரிவெட்டின் தலையைப் பாருங்கள்

விமானத் தகட்டு வேலைக்கு வரும் புதியவர்களிடம், தகடுகளைத் துளையிட்டுப் பிணைக்கும் உலோக ஆணிகளான ரிவெட்டுகளில் ஒரு பிடியைக் கொடுத்து, "இதில் எத்தனை வகை?" என்று கேட்பேன். நீளமும் தடிமனும் ஒன்றாக இருப்பதைப் பார்த்துவிட்டுப் பெரும்பாலோர் "ஒன்றுதான் சார்" என்பார்கள். விடை தலையில் இருக்கிறது. நடுவில் சிறு குழி என்றால் 2117 என்ற எண்ணுள்ள அலுமினியக் கலவை. குழிக்குப் பதிலாகப் புடைத்த புள்ளி என்றால் 2017. புடைத்த இரண்டு கோடுகள் 2024. கூட்டல் குறி 5056. குறியே இல்லாத மொட்டைத் தலை, ஏறக்குறைய தூய அலுமினியமான 1100. பளு தாங்கும் இடத்தில் அதற்கு வேலை இல்லை.

"வலுவானதைப் போட்டால் நல்லதுதானே?" இந்த நினைப்புதான் என்னை அதிகம் பயமுறுத்துகிறது. பயிற்சிக்கு வந்த ஒருவர், வரைபடத்தில் 2117 என்றிருந்த வரிசைக்கு அலமாரியிலிருந்த 2024-ஐ எடுத்து அடித்துவிட்டார். வெட்டுவிசையை, அதாவது தகடுகள் பக்கவாட்டில் நழுவப் பார்க்கும் விசையை, தாங்குவதில் 2024 ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடுதல் வலுவுள்ளதுதான். ஆனால் அதை ஏறக்குறைய 500 டிகிரி செல்சியஸில் சூடாக்கி, நீரில் அமிழ்த்தி, உறைகுளிர் பெட்டியில் வைத்திருந்து, வெளியே எடுத்த 10 முதல் 20 நிமிடத்துக்குள் அடித்தாக வேண்டும். சாதாரண வெப்பநிலையில் கலவையிலுள்ள செம்பு நுண்துகள்களாகத் திரண்டு உலோகத்தை இறுக்கிவிடும். 2017-க்கு ஒரு மணி நேரம் வரை அவகாசம் உண்டு. 2117-க்கு இந்தப் பாடே இல்லை. டப்பாவிலிருந்து எடுத்து அப்படியே அடிக்கலாம். அதனால்தான் பழுதுபார்ப்பில் அதற்கு இத்தனை மவுசு.

அந்தப் பையன் அடித்ததோ இறுகிப்போன ரிவெட். சுத்தியல் பலமாக விழ விழ, அடித்து உருவாக்கும் மறுமுனைத் தலையில் வெடிப்பு; சுற்றியிருந்த மெல்லிய தகட்டில் பள்ளம். எல்லாவற்றையும் துளைத்து எடுத்ததில் சில துளைகள் பெரிதாகிப் போயின. அடுத்த பருமன் ரிவெட்டைப் போட, விளிம்பிலிருந்து போதிய இடம் இருக்கிறதா என்று அளந்துகொண்டே அன்றைய பொழுது கழிந்தது.

அரிப்பு வேறு கதை. மெக்னீசியத் தகட்டில் செம்பு கலந்த ரிவெட்டைப் போட்டால், ஈரம் பட்டதும் ரிவெட்டைச் சுற்றித் தகடு அரிக்கத் தொடங்கும். அங்கே 5056 மட்டுமே. கார்பன் இழைப் பலகையில் அரிபடுவது அலுமினிய ரிவெட். அதனால் அங்கே டைட்டானியம்.

கையிருப்பில் இல்லை என்று மாற்று தேடுவதானால், அந்த விமானத்தின் பழுதுபார்ப்புக் கையேடு அனுமதிக்க வேண்டும். மூத்தவர் வாய்வார்த்தையாகச் சொன்னார் என்பது அனுமதி ஆகாது, நான் சொன்னாலும்தான். கீழே விழுந்த ரிவெட்டைத் துடைத்து, தோன்றிய டப்பாவில் போடாதீர்கள். அது கழிவுப் பெட்டிக்குப் போகட்டும்.